சர்க்கரை டப்பாவில் சாய்த்த போன்

பருப்பைக் கழுவியாயிற்று, இதோ குக்கரில் போடுகிறேன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு, மேலே அரிசிப் பாத்திரம், இப்போது மூடப்போகிறேன் வாணி, என்று யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாணி இல்லை. நல்லவேளை, வாய் சொல்லவில்லை. திங்கட்கிழமை முழுக்கச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு அதுவாக அடங்கிக்கொண்டது. உள்ளேதான் இன்னும் ஓடுகிறது. நாலைந்து வருடமாக இந்தச் சமையல்கட்டில் செய்வதையெல்லாம் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன். இப்பக் கடுகு போடறேன், இப்பப் புளி கரைக்கறேன், கறிவேப்பிலை காஞ்சு போச்சு பாரு கண்ணு. கிரிக்கெட்டுக்குப் பேசுகிறவன்கூட நடுவில் விளம்பரம் வந்தால் வாயை மூடுவான், எனக்கு அந்த ஓய்வும் கிடையாது. போன் அங்கேதான் இருக்கிறது, சர்க்கரை டப்பாவில் சாய்ந்து என்னைப் பார்த்தபடி. அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். பீரோவுக்குள் வைத்துவிடச் சொன்னாள் என் மகள் வாணி. வைத்தும் பார்த்தேன். வெறும் டப்பா கண்ணை உறுத்தியது, திரும்பக் கொண்டுவந்து சாய்த்துவிட்டேன். அணைந்து கிடப்பது எங்கே கிடந்தால் யாருக்கு என்ன. அதில் என் முகம் கறுப்பாகத் தெரிகிறது, பின்னால் ஜன்னல், ஜன்னலில் புதன்கிழமை வெயில். குக்கருக்கு வெயிட் போட்டேனா? போட்டுவிட்டேன். காலையில் எனக்கென்று சுட்ட தோசை தட்டுக்கு அடியில் மூடியபடியே இருக்கிறது. அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

தனியாகச் சாப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போயிற்று, அதுதான். அவருக்கு எட்டு மணிக்கே பலகாரம் ஆகிவிட வேண்டும். நான் வாணிக்காகக் காத்திருப்பேன். வான்கூவரில் அவள் வேலை முடிந்து வந்து ராத்திரிச் சோற்றுக்கு உட்காருகிற நேரமும் கோயமுத்தூரில் என் காலைப் பலகார நேரமும் எப்படியோ ஒத்துப்போயின. அவள் ரொட்டியைப் பிய்ப்பாள், நான் தோசையைப் பிய்ப்பேன். பிறகு அவள் பாத்திரம் கழுவுவாள், நான் காய் நறுக்குவேன். பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவள் குழாய்ச் சத்தம் எனக்கு, என் கத்திச் சத்தம் அவளுக்கு. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அந்த ஊரில் சிக்னல் போய்விடும். போன புதிதில் அந்த ஒற்றை அறையில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. மழை, மழை, எந்நேரமும் மழை, கதவு தட்டுகிற மாதிரியே இருக்குதும்மா என்று அழுதாள். போனைத் தலைமாட்டில் வெச்சுக்க, நான் இங்கதான் இருக்கறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் கத்தியது. திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து அதுதான் அவளுக்குத் தாலாட்டு. நான் மதியச் சோறு வைத்தால் உலகத்தின் அந்தக் கோடியில் என் மகள் தூங்குவாள். யாருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம். அவளுக்காகச் சமையல்கட்டையே இரண்டாகப் பிரித்துவிட்டேன். போனுக்குத் தெரிகிற பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், பூச்செடி ஒன்றுகூட வைத்திருக்கிறேன். தெரியாத பக்கத்தில் கரித்துணி, பழைய செய்தித்தாள், காலி சிலிண்டர், அவருடைய நாற்காலி. அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார்.

கோபமா எனக்கு? கோபம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, அம்மா ஒண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதே என்றாள். அப்படி ஆரம்பித்தால் எதை எடுத்துக்கொள்வது. தலைவலி, கண் எரிச்சல், குக்கர் கத்தினால் தூங்கினாலும் நடுவில் நடுவில் விழித்துப் போனையே பார்க்கிறாளாம். டாக்டர் சொல்லி ஒரு வகுப்புக்குப் போகிறாளாம். நிதானமாக வாழச் சொல்லித்தருகிற வகுப்பு. ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து அதைப் பார்க்கச் சொல்லி, முகரச் சொல்லி, காதோரம் வைத்துக் கேட்கச் சொல்லி, அப்புறம் கால்மணி நேரம் மென்று தின்னச் சொல்கிறார்களாம். இதுக்கு எதுக்குக் கண்ணு வகுப்பு, உங்கப்பா ஒரு இட்லியை அப்படித்தானே திங்கறார் என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, இனிமேல் சாயங்காலம் ஆனால் போன் அலமாரிக்குள்ளதாம்மா, ஞாயித்துக்கிழமை மட்டும் உட்கார்ந்து நல்லாப் பேசலாம் என்றாள். நீயும் அணைச்சு வெய்யி, இல்லைன்னா எடுத்து எடுத்துப் பார்ப்பே. என்ன செய்யறியோ அதை மட்டும் செய், என்ன இருக்கோ அதைப் பாரு, கவனிச்சுப் பாரும்மா, அப்பாகூட உக்கார்ந்து காப்பி குடி. அவசரம் என்றால் ஆபீஸ் நம்பர் இருக்கிறது. சரி கண்ணு, நீ தூங்கினாப் போதும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை மறுபடி பிழிந்தேன். இத்தனை வருடம் நான் அவளுக்குத் துணையாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் என்னால்தான் தூங்காமல் இருந்திருக்கிறாள். அது பொறுக்கவில்லை எனக்கு, இன்னும் பொறுக்கவில்லை.

சரி, கவனித்துத்தான் பார்ப்போம். கத்தரிக்காய் நறுக்குகிறேன், நறுக்குவதை மட்டும் செய்கிறேன். பக்கத்து வீட்டு ஜோஸ்பின் மிக்ஸி ஓட்டுகிறாள், அவளுடையது தேங்காய்ச் சட்னிச் சத்தம். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் போகிறான். தண்ணீரில் போட்ட காய் மிதக்கிறது. இதில் என்ன இருக்கிறது பார்க்க? ஹாலில் நாற்காலி நகர்கிறது. அவர் எழுந்துவிட்டார், அப்படியானால் இரண்டாம் காப்பி நேரம். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், எந்த வண்டி வந்தது எந்த வண்டி போனது என்று ஆயுசு முழுக்க எழுதியவர். ரிட்டயர் ஆன பிறகு அவர் ஒருத்தர்தான் வண்டி, நேரம் தப்பவே தப்பாது. செருப்புச் சத்தம், தொண்டைச் செருமல், வாசற்படியில் கை. டம்ளரைக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறார், நேரே சர்க்கரை டப்பாவுக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கி ஆட்டுகிறார். "சாப்டியா கண்ணு?" அணைந்த போன். திங்கட்கிழமையும் இப்படித்தான் கேட்டார். அது அணைச்சிருக்குதுங்க என்று சிரித்தேன், அட ஆமா என்று அவரும் சிரித்தார். கை தன்பாட்டுக்குத் தூக்கிக்கொண்டது, எனக்கு வாய் தன்பாட்டுக்கு ஓடவில்லையா. நேற்று மாடியில் துணி எடுத்துவிட்டு வரும்போது முதுகு மட்டும் தெரிந்தது, இங்கேதான் நின்றார், என்னவென்று கேட்கவில்லை நான். இன்றைக்கு இரண்டடி தள்ளி நிற்கிறேன், கையில் கத்தரிக்காய். "மழையா கண்ணு?" என்கிறார். பொறுக்கிறார். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சரியாகப் பொறுத்துத் தலையை ஆட்டுகிறார். "அப்ப மேலுக்குக் கனமா ஏதாச்சும் போட்டுக்க. தூங்கு. அம்மா குக்கர் வெச்சிருவா." போய்விட்டார். காப்பியை நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கவில்லை, ஹாலுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னைச் சீண்டுகிறாரா? சீண்டத் தெரியாது அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் சீண்டியிருக்கிறேன், அவர் புரியாமல் விழித்திருக்கிறார், அதுதான் எங்கள் குடும்பம். மகள் பேசாத ஏக்கத்தில் விளையாட்டுக் காட்டுகிறாரா, குழந்தை இல்லாத தொட்டிலை ஆட்டிப் பார்க்கிற மாதிரி? இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் அந்தப் பொறுக்கிற நேரம். பதில் காதில் விழுந்த மாதிரி அந்தத் தலையாட்டல். அதை யாராவது விளையாட்டுக்குச் செய்வார்களா. கத்தி எங்கே வைத்தேன், கையிலேயே இருக்கிறது. மழையா கண்ணு என்று அவர் நாளுக்கு எத்தனை தரம் கேட்பார், கேட்டதையே கேட்பார், வாணி கத்துவாள், மழைதாம்ப்பா, இந்த ஊர்ல வேற என்ன இருக்குது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி, மழையா கண்ணு. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். காது போச்சும்மா அப்பாவுக்கு என்று அவள்தான் அங்கிருந்து காது மெஷின் வாங்கி அனுப்பினாள். தினமும் காலையில் துடைத்து மாட்டிக்கொள்கிறார், ஒரு நாள் மறந்ததில்லை. மாட்டிக்கொண்டும் கேட்டதையே கேட்டார். மெஷின் சரியில்லை என்றோம், வேறு அனுப்புகிறேன் என்றாள். இப்போது நான் மெல்லத்தான் பேசுகிறேன், கத்துவதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லையே, காப்பிங்க என்று முணுமுணுத்தால்கூடத் திரும்புகிறார். காது கேட்டிருக்கிறது. அத்தனையும் கேட்டிருக்கிறது. உள்ளே நிற்கத்தான் இல்லை. அன்றைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனவரை ஜோஸ்பின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தாள், வழியில பார்த்தேன் சுலோக்கா என்றாள், என்னவோ போல் பார்த்தாள், நான் போனைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன், வாணி, உங்கப்பா ஸ்கூட்டர்ல ஊர்கோலம் போறார். செத்துப்போன என் அண்ணனை இன்னும் வரக்காணமே என்றார் பொங்கலன்றைக்கு. ஏதோ நினைப்பில் கேட்கிறார் என்று விட்டேன். விட்டேன், ஒவ்வொன்றாக விட்டேன், எல்லாம் இந்தப் பக்கம் நடந்தது, நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது. கையிலிருக்கிற கத்தரிக்காய் கறுத்துவிட்டது, குக்கர் ஏன் இன்னும் கத்தவில்லை.

கை போனுக்குப் போகிறது. பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் வரும், வாணி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அலமாரிக்குள்ளிருந்து எப்படிக் கேட்கும் அவளுக்கு? ஆபீஸ் நம்பருக்கு நாளைக்குக் கூப்பிடலாம். என்ன சொல்வது? உங்கப்பா அணைந்த போனோடு பேசுகிறார் என்றா? அன்றைக்கே போன் மறுபடி தலைமாட்டுக்கு வந்துவிடும், இந்தத் தடவை குக்கருக்காக அல்ல, எந்நேரம் என்ன சேதி வருமோ என்று. மூன்று ராத்திரிதான் தூங்கியிருக்கிறாள் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தூங்கட்டும். டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், ஜோஸ்பின் வருவாள் துணைக்கு, அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சொல்லாமல் இருப்பது சரியா? நாளைக்கு அவள் கேட்பாளே, ஏம்மா அப்பவே சொல்லலை என்று. கையை எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். ஒருவேளை நான்தான் பைத்தியமாகிக் கற்பனை பண்ணுகிறேனா, வேறு வேலை இல்லாமல், இந்தத் திராட்சைக்காரர்கள் சொன்ன மாதிரி கவனித்துக் கவனித்து. செருப்புச் சத்தம். மறுபடியும் வருகிறார். காப்பி இப்போதுதானே கொடுத்தேன், டம்ளர் கையில் இல்லை, எங்கே வைத்தாரோ. டைம் கீப்பர் இப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

வருகிறார், என்னைத் தாண்டிப் போகிறார், கையைத் தூக்கி ஆட்டுகிறார். "சாப்டியா கண்ணு?" பொறுக்கிறார். "மழையா கண்ணு?" இந்தத் தடவை தலை ஆடவில்லை. என்ன காரணமோ, இந்தத் தடவை அவருக்குப் பதில் வரவில்லை. குனிந்து கிட்டத்தில் பார்க்கிறார். காது மெஷினை விரலால் அழுத்திக்கொள்கிறார். அந்த முகம், கடைசி வண்டி வராமல் பிளாட்பாரத்தில் நிற்கிறவன் முகம், எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பார். "ஏங்கண்ணு பேச மாட்டீங்குற? அப்பா மேல கோவமா?" அணைந்திருக்குதுங்க என்று திங்கட்கிழமை சொன்னேனே, அதைச் சொல்ல வாயைத் திறக்கிறேன். வேறு ஏதோ வருகிறது. "கோவமெல்லாம் ஒண்ணுமில்லப்பா." என் குரல்தான், அவள் இழுக்கிற இழுப்பு. "சாப்டேன். இங்க மழைதான்." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. எனக்குக் கண் மறைக்கிறது, அதற்குள் இன்னும் கிட்டத்தில் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்துகிறார். "கண்ணு, உங்கம்மா இப்பல்லாம் பேசறதே இல்ல. முந்தி உங்கிட்டப் பேசிட்டே இருப்பா, கடுகு போடறேங்கறதும் புளி கரைக்கறேங்கறதும், நான் அந்தச் சேர்ல உக்கார்ந்து கேட்டுக்குவேன். வேற என்ன வேலை எனக்கு. இப்ப ஒரு சத்தமும் காணோம். எனக்குத்தான் காது சுத்தமாப் போயிருச்சோ என்னமோ. நீ கேட்டுச் சொல்லு."

குக்கர் கத்துகிறது. அவர் நிமிர்ந்து, ஒரு விரலைத் தூக்கி, அது அடங்கும்வரை நிற்கிறார். "இது கேக்குதே" என்று தனக்குத்தானே சொல்கிறார். நான் அடுப்பைச் சின்னதாக்குகிறேன். கையைத் துடைக்கிறேன், எந்தத் துணியில் என்று தெரியவில்லை. சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த போனை எடுத்துப் பின்னால் இருக்கிற மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடுகிறேன், அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், தடுக்கவில்லை. டப்பாவையும் நகர்த்திவிட்டு அந்த மேடை ஓரத்தில், அது இருந்த இடத்தில், நான் சாய்ந்து நிற்கிறேன். இங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தெரிகிறது. கரித்துணி, காலி சிலிண்டர், நாற்காலி, நாற்காலிக்குக் கீழே அவர் வைத்துவிட்டுப் போன நேற்றைய டம்ளர், அதன் அடியில் காய்ந்த காப்பி. நடுவில் அவர். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறார், காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "ஏனுங்க" என்கிறேன், இன்னொரு தரம் சொல்கிறேன். "ஏனுங்க, பருப்பு வெந்துட்டு இருக்குதுங்க. இனிமே புளி கரைக்கோணும். அப்பறம் கடுகு போடுவேன்." அவர் என்னையே பார்க்கிறார். யார் என்று பார்க்கிறாரா, எதைப் பார்க்கிறார், அந்தப் பார்வைக்குள் நான் எங்கே இருக்கிறேன், கடவுளே இருக்கிறேனா. கை மெல்ல மேலே எழுகிறது, தோள்வரைக்கும் வந்து, ஒரு தரம் ஆடுகிறது.

"சாப்டியா சுலோ?" என்றார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.